நாலாம் இன்ஜினியரின் புருஷன்

கப்பலில் ஏறிய மறுநாளே அவனுக்கு 'மாப்பிள்ளை' என்ற பட்டம் கிடைத்துவிட்டது. சமையல்காரர்தான் ஆரம்பித்து வைத்தார். "நாலாம் இன்ஜினியரம்மா எங்க கப்பல் பொண்ணு. அப்ப நீங்க யாரு? மாப்பிள்ளைதானே?" என்று கேட்டபடி சூடான தட்டை அவன் முன்னால் வைத்தார். அதற்குப் பிறகு கேப்டன் முதல் தளம் கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான்.

கரையில் அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும், அதில் பெரும்பகுதி அவள் கடலிலும் அவன் கடையிலுமாகவே கழிந்திருந்தது. கணவனோ மனைவியோ ஒரு பயணத்துக்குக் கூடவே வரலாம் என்று கம்பெனி அனுமதி கொடுத்ததும், கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கப்பல் பார்க்க ஆசை என்று அவளிடம் சொல்லியிருந்தான். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி அவன் அக்கா கொடுத்தனுப்பியது.

"இங்க பாரு," என்று அக்கா, சட்டைக் காலரைச் சரிசெய்கிற சாக்கில் காதோடு சொல்லியிருந்தாள். "போற வழியில நயமா எடுத்துச் சொல்லு. பெரிய ஆஸ்பத்திரியில உங்க மாமா பேசி வெச்சிருக்கார். ஜெனரேட்டர், ஏசி, லிஃப்ட்டு எல்லாத்தையும் பாத்துக்கிற வேலை. அவ படிப்புக்கு ஏத்ததுதான். அவ ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்னு இது என்னடா குடித்தனம்? வரும்போது ரெண்டு பேருமா வந்து இறங்குங்க. அவ்ளோதான் நான் சொல்லுவேன்."

அவன் தலையாட்டிவிட்டு வந்தான். அக்கா பேச்சைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை. தவிர, அவள் சொன்னதில் அவனுக்கும் பெரிய மறுப்பு இல்லை. ஒற்றை ஆளுக்குச் சமைத்து, ஒற்றை ஆளாகச் சாப்பிட்டு, ஒரே ஒரு தட்டைக் கழுவி வைத்து அலுத்துப்போயிருந்தான்.

ஆனால் பேச்சை எடுப்பதற்கு வாகான நேரம்தான் வாய்க்கவில்லை. மனைவி வேலை முடிந்து வருவாள், கையிலிருக்கும் எண்ணெய்க்கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள், "ஒரு நிமிஷம் படுத்துக்கறேன்" என்பாள். அந்த ஒரு நிமிஷம் அடுத்த வேலை மணி அடிக்கும்வரை நீளும். அவன் வாயெடுப்பதற்குள் குறட்டை வந்துவிடும்.

வீட்டில் அவள் வேறு ஆள். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடாத நாளில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொள்வாள். பால் பொங்கி அடுப்பை அணைத்தபிறகுதான் திரும்பிப் பார்ப்பாள். 'உன்னை நம்பியா ஒரு கப்பலை விடறாங்க?' என்று அவன் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறான். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

ஒருநாள் சீஃப் இன்ஜினியரின் கண்ணாடிக்கு அவன் புது ஆணி போட்டுக் கொடுத்தான். சீஃப் பருத்த உடம்பும் மெல்லிய குரலும் உள்ளவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அடடே, உலகம் நேரா நிக்குதே!" என்றவர், அந்தச் சந்தோஷத்திலேயே இன்ஜின் ரூமைப் பார்க்க அனுமதியும் கொடுத்தார்.

காதுக்கு மூடி, தலைக்குக் கெட்டித் தொப்பி, காலுக்கு இரும்பு முனை வைத்த பூட்ஸ். இத்தனையும் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்கினான். முதலில் சூடு வந்து முகத்தில் அறைந்தது. பிறகு சத்தம். காதை மூடியிருந்தும் அது நெஞ்செலும்பு வழியாக உள்ளே வந்தது. நடுவில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரே ஒரு இன்ஜின் நின்று உழைத்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி மனிதர்கள் நடக்கத் தளங்களும் படிகளும், எங்கே பார்த்தாலும் குழாய்களும்.

அவள் ஒவ்வொரு மெஷினாக நின்று, காதருகே வாயை வைத்துக் கத்திக் கத்திச் சொன்னாள். "இது எரிஎண்ணெய்க்குச் சலவைக்காரன். கிறுகிறுன்னு சுத்தி, அதுல இருக்கிற தண்ணியையும் அழுக்கையும் பிரிச்சு வெளிய தள்ளிடும். இவன் ஒருநாள் லீவு போட்டா இன்ஜினுக்கு வயித்துவலிதான்." போகிற போக்கில் ஒரு மோட்டாரின் மேல் புறங்கையை வைத்தாள். உள்ளங்கையை ஏன் வைக்கவில்லை என்று கேட்டான். "சுட்டாலோ கரன்ட் அடிச்சாலோ கை தானா மடங்கும். உள்ளங்கைன்னா மடங்கி அதையே புடிச்சுக்கும், புறங்கைன்னா விலகிடும்" என்றாள்.

"இவ்ளோ குழாயில எது எங்க போகுதுன்னு எப்படித் தெரியும் உனக்கு?"

"வந்த புதுசுல ஒவ்வொண்ணையா புடிச்சுக்கிட்டே நடந்தேன். தரைத்தகட்டைத் தூக்கிட்டு அடியில தவழ்ந்தேன். எல்லாத்தையும் படமா வரைஞ்சு சீஃப்கிட்ட காட்டணும். தப்பா இருந்தா மறுபடி தவழணும்."

"எத்தனை தடவை தவழ்ந்த?"

"அதெல்லாம் குடும்ப ரகசியம்," என்று கண்ணடித்தாள்.

கடைசியில் எல்லாவற்றுக்கும் அடியில், கப்பலின் வயிற்றோரம் கூட்டிப்போனாள். பச்சை வண்ணமடித்த பெரிய குழாய்கள், அகலமான சக்கரம் வைத்த வால்வுகள், கனமான மூடி போட்ட இரண்டு இரும்புப் பெட்டிகள். "இதுதான் கப்பலோட வாய். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. கடல்தண்ணி இது வழியா வந்து, இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற சல்லடைக் கூடையில வடிஞ்சு, பம்புக்குப் போகும். அதுதான் இன்ஜின், ஜெனரேட்டர் எல்லாத்தோட சூட்டையும் ஆத்துது. ஆழமான கடல்ல கீழ்வாய் திறந்திருக்கும். கரை பக்கம் வந்தா சேறு உள்ள வந்துடும்னு மேல்வாய்க்கு மாத்திடுவோம்."

அவன் மூடியைத் தட்டிப் பார்த்தான். அந்தப் பக்கம் கடல் இருக்கிறது என்று நினைத்ததும் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

பயணத்தின் கடைசிப் பகுதி வந்தது. காலையில் கடல் அலுங்காமல் கிடந்தது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற கப்பல்கள் தூரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அவளுக்குக் காலைநேர வேலை. "துறைமுகத்துக்குள்ள நுழையும்போது உங்களைக் கீழ விட மாட்டேன் மாப்பிள்ளை. பாக்கணும்னா இப்பவே வந்து பாத்துக்குங்க" என்று சீஃப் கூப்பிட்டார். அவன் போய்க் கன்ட்ரோல் ரூமில் ஒரு மூலை நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணாடிச் சுவர் வைத்த குளிர்ந்த அறை அது. வரிசையாக முள் காட்டும் கருவிகள், விளக்குகள். இன்றைக்கு அவள் வேலை முடிந்து வந்ததும் எப்படியாவது பேசிவிடுவது என்று மனதுக்குள் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தான்.

அப்போது மணி அலறியது.

அவள் எட்டி ஒரு பொத்தானை அழுத்தி அலறலை நிறுத்தினாள். கண் ஒரே ஒரு முள்ளின்மேல் நின்றது. "கடல்தண்ணி பிரஷர் விழுது சீஃப். மேல்வாய் அடைக்குது. கீழ்வாய்க்கு மாத்தறேன்." சொல்லிக்கொண்டே கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். சற்று நேரத்தில் முள் எழுந்தது. சீஃப் மூச்சு விட்டார். அவர் விட்ட மூச்சு முடிவதற்குள் முள் மறுபடி இறங்கத் தொடங்கியது.

வாக்கி-டாக்கியில் அவள் குரல் வந்தது. "சீஃப், இதுவும் அடைக்குது. ஜெல்லி மீனாத்தான் இருக்கும். கீழ்வாய்ச் சல்லடைப் பெட்டியைத் திறந்து சுத்தம் பண்றேன். மேல்வாயை இப்ப சுத்தம் பண்ணினா பிரயோஜனமில்லை. கூட்டமெல்லாம் மேலாகத்தான் மிதக்கும், திரும்ப அடைச்சுக்கும்."

"செய். ஃபிட்டரை அனுப்பறேன்," என்றார் சீஃப். ஃபிட்டரை எல்லோரும் மலை என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் நின்றால் வெளிச்சம் வராது. மலை ஸ்பேனர்களை அள்ளிக்கொண்டு ஓடினார்.

சூடு காட்டும் முட்கள் ஏறிக்கொண்டே போயின. சீஃப் போனில் கேப்டனிடம் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். சொல்லி வாயை மூடவில்லை, ஜெனரேட்டர் சூடு தாங்காமல் தானாகவே நின்றது. விளக்குகள் அணைந்தன. அவன் நெஞ்செலும்பு வழியாக இத்தனை நாளும் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சத்தம் தேய்ந்து, தேய்ந்து, இல்லாமல் போயிற்று. அதைவிடப் பயமான ஒன்றை அவன் அதுவரை கேட்டதில்லை.

கொஞ்சம் பொறுத்து மேல்தளத்தில் அவசர ஜெனரேட்டர் உயிர்பெற்றது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில விளக்குகள் மங்கலாக எரிந்தன. செகண்ட் இன்ஜினியர் கப்பலின் பின்புறம் திசைதிருப்பும் மெஷினிடம் போயிருந்தார். கீழே கை போதவில்லை. சீஃப் ஒரு பெரிய டார்ச்சை எடுத்து அவன் கையில் திணித்தார். "மாப்பிள்ளை, கீழ போய் வெளிச்சம் காட்டுங்க. அதைத் தவிர வேற எதுவும் செய்யாதீங்க."

படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். பெட்டியருகே அவள் மண்டியிட்டிருந்தாள். கடல் பக்கத்து வால்வையும் பம்ப் பக்கத்து வால்வையும் மூடியாயிற்று. மூடியின்மேல் இருந்த சின்னக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

வாக்கி-டாக்கியில் சீஃப் கத்தினார். "இன்ஜின் இல்லாம கப்பல் நீரோட்டத்துல போகுது! நங்கூரம் போட்ட கப்பல்கள் பக்கமாத் தள்ளுதுன்னு மேலயிருந்து சொல்றாங்க. சீக்கிரம்! இன்னும் எவ்ளோ நேரம்?"

மலை ஸ்பேனரை ஒரு நட்டில் மாட்டிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றத்தில், கீழே கிடந்த இன்னொரு ஸ்பேனரை எடுத்து எதிர்ப்பக்க நட்டில் மாட்டி ஒரு இழு இழுத்தான்.

"கையெடு!"

அவள் அவனிடம் அப்படிக் கத்தி அவன் கேட்டதேயில்லை. ஸ்பேனர் தானாகக் கையைவிட்டு விழுந்தது.

அவள் வாக்கி-டாக்கியை எடுத்தாள். குரல் சாதாரணமாக இருந்தது. "சீஃப், கடல் பக்கத்து வால்வு முழுசா மூடல. வென்ட் குழாயில தண்ணி நிக்கவே இல்ல. இப்ப மூடியைத் தொட்டா கடல் உள்ள வந்துடும். தண்ணி நின்னாத்தான் திறப்பேன்."

சீஃப் கத்துவதை விட்டுத் தன் மெல்லிய குரலுக்கு வந்து, "சரி. உன் கையிலதான் இருக்கு. நான் இனிமே கேக்கல" என்றார்.

அவள் வால்வின் சக்கரத்தைப் பிடித்து மறுபடி இறுக்கினாள். "பாருங்கண்ணே," என்று மலையிடம் சொன்னாள். "கடைசியில மெத்துன்னு நிக்குது. இரும்பும் இரும்பும் உக்காந்தா இப்படி இருக்காது. நடுவுல என்னமோ சிக்கியிருக்கு. கொஞ்சம் திறந்து, வர்ற தண்ணியாலயே அதைக் கழுவி விடுவோம்."

இரண்டு பேருமாகச் சக்கரத்தைத் திறந்தார்கள். குழாயிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு அவள் முகத்தில் அடித்தது. மூடினார்கள். பீய்ச்சல் குறையவில்லை. மறுபடி திறந்தார்கள். வியர்வையும் உப்புத் தண்ணீருமாக அவள் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தாள். வெளிச்சம் ஆடக் கூடாதே என்று அவன் டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மேலே ஒரு கப்பலே பதறிக்கொண்டிருக்கும்போது, மூடிய வால்வைத் திறந்து மூடி, திறந்து மூடி, இவளால் எப்படி இவ்வளவு நிதானமாக இருக்க முடிகிறது?

மூன்றாவது முறை சக்கரம் முடிவில் 'டக்'கென்று நின்றது. அவள் தலை நிமிர்ந்தது. பீய்ச்சல் மெலிந்து நூலாகி, சொட்டாகி, நின்றது. அப்போதும் அவள் அவசரப்படவில்லை. கண்கொட்டாமல் அந்தக் குழாய் வாயையே பார்த்தாள். இன்னொரு சொட்டு விழவில்லை.

"இப்ப கழட்டுங்கண்ணே. எதையும் முழுசா எடுத்துடாதீங்க, எல்லா நட்டையும் தளர்த்தி மட்டும் விடுங்க. மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பாத்துட்டு அப்புறம் எடுப்போம். ஏமாத்தினா உடனே இறுக்கிடலாம்."

அது ஏமாற்றவில்லை. மூடி நகர்ந்ததும் உள்ளே கூடை நிறைய, கஞ்சிபோல் குழகுழவென்று ஜெல்லி மீன்கள். மலை கூடையைத் தூக்க, அவள் கையைவிட்டு வழித்து வழித்து வாளியில் போட்டாள். கையுறை எப்போதோ நனைந்து நழுவியிருந்தது. அதைத் தேட அவள் நிற்கவில்லை. அவன் இப்போது கேட்டான், "வாளியை எடுக்கட்டுமா?" "எடுங்க," என்றாள் திரும்பாமலே.

கூடை உள்ளே போயிற்று. மூடி உட்கார்ந்தது. வால்வைக் கொஞ்சமாகத் திறந்ததும் சின்னக் குழாய் புஸ்ஸென்று காற்றைக் கக்கி, பிறகு சுத்தமாகத் தண்ணீர் விட்டது. அதை அடைத்துவிட்டு, "ரெடி சீஃப்" என்றாள்.

சேமித்து வைத்த அழுத்தக் காற்றின் உந்தலில் ஜெனரேட்டர் ஒரு தும்மல் தும்மிக் கிளம்பியது. விளக்குகள் எரிந்தன. பம்ப் உறுமியது. பச்சைக் குழாயில் பொருத்தியிருந்த முள் மெதுவாக எழுந்து, தன் பழைய இடத்துக்குப் போய் நின்றது. அவள் அந்தக் குழாயின்மேல் புறங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மேலே தலையைத் தூக்கி, "அடுத்தது மேல்வாய். வாங்கண்ணே" என்றாள். மலை பெருமூச்சு விட்டுக்கொண்டு ஸ்பேனரைப் பொறுக்கினார்.

பெரிய இன்ஜின் ஓடத் தொடங்கியபோது, பக்கத்துக் கப்பலின் பெயரை மேல்தளத்திலிருந்தவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்களாம். கேப்டன் அதைச் சாப்பாட்டு அறையில் வந்து சொன்னார்.

அங்கேயே சீஃப் அவன் பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு வந்து உட்கார்ந்தார். "மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லட்டுமா? அவளை நான் அவசரப்படுத்தினேன் பாருங்க, அந்த நேரத்துல அவ எனக்குப் பயந்துட்டு மூடியைத் திறந்திருந்தா, நாம இப்ப இங்க உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்க மாட்டோம். வேகமா வேலை செய்ற ஆளுங்க நிறையப் பேரைப் பாத்திருக்கேன். இன்னொருத்தர் கத்தும்போது நிதானமா இருக்கிற ஆளு அபூர்வம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இதை அவகிட்ட சொல்லிடாதீங்க, தலை கனத்துடும்" என்று எழுந்துபோனார். அவரே மாலைக்குள் கப்பலில் இருந்த எல்லோரிடமும் அதைச் சொல்லி முடித்திருந்தார்.

நங்கூரம் போட்டபிறகு அவள் அறைக்கு வந்தாள். முழங்கை வரை சிவப்புச் சிவப்பாகச் சாட்டையால் அடித்தாற்போல் கோடுகள். ஜெல்லி மீன் கொட்டிய தடம். மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த களிம்பை அவன் தடவிவிட்டான்.

"உங்களைக் கையெடுன்னு சொல்லிட்டேன். கையெடுங்கன்னு சொல்லியிருக்கணும்."

"அந்த 'ங்க'வுக்கு நேரமிருந்த மாதிரி எனக்குத் தெரியலையே," என்றான் அவன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் உடம்பு லேசாக நடுங்குவதை அவன் பார்த்தான். "பயமா இருந்துச்சா?" என்றான்.

"ரொம்ப. ஆனா அங்க பயப்பட இடமில்லை. இப்பத்தான் வருது."

ஒளித்து வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. அக்கா சொன்னது, மாமா பேசி வைத்திருக்கும் ஆஸ்பத்திரி வேலை, தான் தலையாட்டிவிட்டு வந்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா சொன்னாங்க, மாமா சொன்னார். சரி. நீங்க என்ன சொல்றீங்க?"

"இன்னைக்குக் காலை வரைக்கும் நீ வந்துடணும்னுதான் இருந்தேன். வீடு வெறிச்சுன்னு கிடக்கு."

"வேலை முடிஞ்சு வந்தா இந்த ரூமும் வெறிச்சுன்னுதான் இருக்கும். அதுக்காகக் கடையை மூடிட்டு வந்துடுங்கன்னு நான் ஒருநாளாவது கேட்டேனா?"

அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியிருக்காது. வட்டக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே இன்னும் ஜெல்லி மீன்கள் வெள்ளை வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தன. அவன் மறுபடி அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து களிம்பைத் தடவினான்.

"கடலைவிட்டு நீ வர வேண்டாம்," என்றான். "இன்னைக்கு டார்ச் புடிச்சுக்கிட்டு நின்னேனே, அப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இந்தப் பொண்ணு யாரு, எந்த ஊரு, இவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு விசாரிக்கணும்னு தோணுச்சு."

அவள் கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

துறைமுகத்தில் கப்பலைக் கட்டியதும் அவன் அக்காவுக்குப் போன் செய்தான். நடந்ததை முதலிலிருந்து சொன்னான். வால்வு, வென்ட் என்றெல்லாம் அவன் சொன்னதில் அக்காவுக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனாலும் குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவே பெரிய அதிசயம்.

"அப்ப மாமாகிட்ட நான் என்னடா சொல்றது?" என்றாள் கடைசியில்.

"ஆஸ்பத்திரிக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லுக்கா. இவ ஒப்பந்தம் முடிஞ்சதும் வருவா. அடுத்த பதவிக்கான பரீட்சைக்குப் படிக்கணும், அதனால வீட்ல கொஞ்ச நாள் இருப்பா. அப்புறம் மறுபடி போவா."

"அப்படியா," என்றாள் அக்கா. கோபமோ வருத்தமோ, போனில் அவனுக்குப் பிடிபடவில்லை. பிறகு, "அவ கை எப்படியிருக்கு?" என்று கேட்டாள்.

"வீக்கம் வத்திடுச்சு."

"ம். ஏண்டா, கப்பல் நம்ம பக்கம் வந்தா நாத்தனாரையெல்லாம் கீழ விடுவாங்களா பாக்க?"

"விடுவாங்க. தொப்பி போட்டுக்கணும், காதுக்கு மூடி போட்டுக்கணும். ஒரே சத்தம்க்கா. நீ என்ன பேசினாலும் யாருக்கும் கேக்காது."

"உனக்கு அது ரொம்ப சௌகரியமா இருக்குமே," என்றாள் அக்கா.